பஸ் கம்பி எங்கே வருது?

என் கடைக்கு ஷட்டர் போட்டவர், லாரியே உள்ளே வரப்போகிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அவ்வளவு உயரம். கடையை மூட வேண்டுமென்றால் நான் கொக்கிக் கம்பியைத் தேட வேண்டும். அந்த வாசலிலும் அக்கா தலையைக் குனிந்துதான் நுழைவாள். வாசலில் மட்டுமா? பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, வெட்டவெளியில் நிற்கும்போதும் குனிந்துதான் நிற்பாள். "வானம் இடிக்குதாக்கா?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் குனிவாள்.

அக்கா என்கிறேனே தவிர அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். நான் நாலடி பத்து அங்குலம். அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒருத்தியைத் தங்கச்சி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வயதுக்கு மரியாதை கொடுத்து அவளும் என்னை அக்கா என்றாள். நாங்கள் மாறி மாறி அக்கா போட்டுக்கொள்வதைப் பார்த்து எதிர் டீக்கடையில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

ஜெயங்கொண்டத்தில் கும்பகோணம் போகிற ரோட்டில் என் கடை. ஜெராக்ஸ், கூரியர் புக்கிங், போன் ரீசார்ஜ். அக்கா நடத்தியது ஆன்லைன் கடை. உயரமான பெண்களுக்கு மட்டும் துணி. டாப்ஸ், நைட்டி, உள்பாவாடை, கை நீளமாக வைத்த ஜாக்கெட், அவ்வளவுதான். வீட்டு முன்னறையில் அவள் வெட்டுவாள், வரதராசன்பேட்டையில் இரண்டு பெண்கள் தைப்பார்கள், பார்சல் என் கடை வழியாகப் போகும். அவள் வீடு சந்துக்குள் சந்து என்பதால் பார்சல் மேல் என் கடை விலாசத்தைத்தான் போட்டோம்.

அது ஆரம்பித்த கதை சின்னது. எந்தக் கடையில் வாங்கினாலும் நைட்டி அவளுக்குக் கெண்டைக்காலோடு நின்றுவிடும். கீழே வேறு துணியில் ஒரு சாண் ஒட்டுப் போட்டுத்தான் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஒட்டில்லாமல் தனக்கே ஒன்று வெட்டித் தைத்து, பாதத்தை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். கூடவே பேச்சையும் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். "அக்கா, காலு மூடுது பாருங்க." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கே என்னவோ போலாகிவிட்டது. ஒரு நைட்டி பாதத்தைத் தொடுவதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்ன?

தமிழ்நாட்டில் எத்தனை பனைமரம் இருக்கிறதென்று இவள் கடை போட்டிருக்கிறாள் என்று அவள் நாத்தனார் சொன்னாளாம். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஆர்டர் வந்தது. நாகர்கோவில், கோயம்புத்தூர், பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தது. இத்தனை நெட்டைச்சிகளும் இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று நான் வாயைப் பிளந்தேன்.

வந்த வேகத்திலேயே ரிட்டனும் வர ஆரம்பித்தது. பார்சலைப் பிரித்தால் எல்லாவற்றிலும் ஒரே புகார்: குட்டை. உயரமானவர்களுக்கென்றே தைத்த துணி குட்டையாம். என் மேஜைக்கு அடியில் ரிட்டன் பார்சல் குவிந்து, காலை நீட்ட இடமில்லை. அக்கா ஒவ்வொன்றையும் எடுத்து டேப்பை வைத்து அளப்பாள். சொன்ன உயரத்துக்குச் சரியாகத்தான் இருக்கும். தைத்த பெண்களை ஒரு நாள் கடிந்துகொண்டுவிட்டு, பிறகு வீட்டில் உட்கார்ந்து அதற்காக அழுதாள். கடையை நிறுத்திவிட்டுப் பழையபடி பக்கத்து வீடுகளுக்கு ஜாக்கெட் தைக்கலாம் என்றுகூடச் சொல்ல ஆரம்பித்தாள்.

எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்திக்குத் தன் உயரம் எவ்வளவு என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியாதா? "உங்களக் கேட்டா டக்குனு சொல்ல மாட்டீங்களா? சொல்லுங்க, உங்க உயரம் என்ன?" என்று அவளிடமே எரிந்து விழுந்தேன்.

"அஞ்சு அஞ்சு" என்றாள் டக்கென்று.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலை எனக்கு மேலே எங்கேயோ இருந்தது. நாலு பத்துக்கும் அஞ்சு அஞ்சுக்கும் நடுவில் அவ்வளவு இடம் கிடையாதே! சுவரோரமாக நிற்கச் சொல்லி, ஸ்டூல் போட்டு ஏறி, அவள் டேப்பையே வாங்கி அளந்தேன். அப்போதும் குனிந்தாள். தாடையைப் பிடித்துத் தூக்கினேன். ஐந்தடி பதினொரு அங்குலம்.

டேப்பை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். மாப்பிள்ளை தேட ஆரம்பித்தபோது அவள் அம்மா தரகரிடம் சொன்ன உயரமாம் அது. கேட்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, அதுதான் தன் உயரம் என்று ஆகிவிட்டது. சொல்லி முடித்ததும் மேஜைக்கடியில் கிடந்த பார்சல்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அத்தனை பேரும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்ன அளவைத்தான் இவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். நான் ஸ்டூல் மேல் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அக்கா யாரிடமும் உயரத்தைக் கேட்டதில்லை. ஆர்டர் கொடுத்தவளுக்குப் போன் போட்டு, "டவுன் பஸ்ல நின்னா மேல இருக்கிற கம்பி உங்களுக்கு எங்க வருது?" என்பாள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நெற்றியில் இடிக்கும் என்பாள் ஒருத்தி. தலைமுடியை உரசும் என்பாள் இன்னொருத்தி. பஸ்ஸில் போகாதவர்களிடம், சிங்க்கில் பாத்திரம் கழுவினால் இடுப்பு வலிக்கிறதா, பாட்டிலில் தண்ணீர் பிடிக்க எவ்வளவு குனிகிறீர்கள் என்றெல்லாம் கேட்பாள். ஒவ்வொரு போனும் நீண்டுகொண்டே போகும். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சிலேயே உட்கார வைத்தது, கல்யாணத்துக்கு ஹீல்ஸ் இல்லாத செருப்பைத் தேடி அலைந்தது, எல்லாம் வெளியே வரும். இவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே துணி வெட்டுவாள். ரிட்டன் நின்றது. வாங்கினவள் தன் சித்தி மகளைச் சேர்த்துவிட்டாள், அவள் தன் ஆபீஸ் தோழியைச் சேர்த்துவிட்டாள்.

ஆன்லைனில் துணி விற்க வேண்டும், என்ன செய்யலாம் என்று இப்போதும் என் கடைக்கு வந்து சிலர் கேட்கிறார்கள். விளம்பரம் எப்படிக் கொடுப்பது, எந்த நேரத்தில் படம் போடுவது என்று ஏதேதோ கேட்பார்கள். ஒருத்திக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசத் தெரியுமா உனக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ரீசார்ஜ் மட்டும் பண்ணிக்கொண்டு போவார்கள்.

ஒரே ஒரு குறை பாக்கி இருந்தது. துணியைக் கதவில் மாட்டித்தான் படம் எடுப்பாள். யாராவது போட்டுக் காட்டுங்களேன் என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள். பக்கத்துத் தெரு காலேஜ் பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தோம். தரையைக் கூட்டிக்கொண்டு போனது. நீங்களே போட்டு நில்லுங்கள் என்று நான் நச்சரித்தேன். ஊகூம். போட்டோவில் நிற்கிறது அவளுக்கு ஆகாது. உட்கார்ந்திருப்பாள், இல்லாவிட்டால் பின்னால் ஒளிந்திருப்பாள்.

ஏன் என்று ஒரு நாள் சொன்னாள். அவள் கணவர் அவளைவிட உயரம் குறைவு. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை, வாயைத் திறந்து பேசாத மனிதர். ரிசப்ஷன் மேடையில் போட்டோகிராபர் அவருக்குக் காலடியில் ஒரு பலகையைப் போட்டாராம். அதுவும் போதவில்லை. அவள் அம்மா காதோடு வந்து சொல்லிவிட்டுப் போக, பட்டுப்புடவைக்குள் முட்டியை மடக்கிக்கொண்டு, வந்த கூட்டம் முடிகிறவரைக்கும் நின்றிருக்கிறாள். "மறுநாள் படி ஏற முடியலக்கா. ஆனா யாருக்கும் தெரியாது. அவருக்குக்கூடத் தெரியாது" என்றாள். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் திருமானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் நேரிலேயே வந்தார்கள். பார்சல் விலாசத்தைப் பார்த்து என் கடைக்கே வந்துவிட்டார்கள். பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், போட்டோவை மட்டும் பார்த்துப் பேசி முடித்த இடம். லெஹங்கா தைக்க வேண்டும். நான் போன் பண்ணி அக்காவை வரவழைத்தேன். மேஜை மேல் டேப்பை வைத்துவிட்டு வழக்கம்போல் குனிந்து நின்றாள்.

பெண் நல்ல உயரம். நர்ஸ் படிப்பு முடித்தவள். அந்த அம்மா அவளை முட்டியை மடக்கி நிற்கச் சொன்னார். அவளும் நின்றாள், பழகினவள் போல. "இப்ப அளவெடுங்க. கீழ நல்லாக் குடை மாதிரி விரிஞ்சு இருக்கணும், முட்டி தெரியக் கூடாது" என்றார். அக்கா டேப்பைத் தொடவில்லை. இந்த அளவில் தைத்தால், அவள் நிமிர்ந்தால் கணுக்கால் தெரியுமே என்றாள்.

"தெரியட்டும்னுதான். அதுக்குப் பயந்தாவது குனிஞ்சு நிப்பா. மாப்பிள வூட்ல அஞ்சு அஞ்சுன்னு சொல்லியிருக்கோம்மா. ஏற்கனவே மூணு எடம் தட்டிப் போயிடுச்சு."

அந்த அம்மாவைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டேதான் இதைச் சொன்னார். பயந்துபோன மனுஷி. அந்தப் பெண் மடக்கின முட்டியை இன்னும் நிமிர்த்தவில்லை. அக்கா அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பெண்ணிடம், உனக்கு எப்படி வேணும் என்று கேட்டாள். பெண் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு, "நேரா நின்னு அளவெடுத்தா நல்லா இருக்கும்" என்றாள், காதில் விழுந்தும் விழாமலும்.

"குனிஞ்சு நிக்கிற அளவுக்கு நான் தைக்கிறதில்லீங்கம்மா" என்றாள் அக்கா.

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்களே குனிஞ்சுகிட்டுத்தான நிக்கிறீங்க?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, நறுக்கென்று நாலு வார்த்தை. அதற்குள் அக்கா நிமிர்ந்தாள். மெதுவாக, முதுகு, கழுத்து, தலை என்று ஒவ்வொன்றாக. என் கடைக்குள் அவள் முழுசாக நிமிர்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நேராகப் போய், மேஜைக்கு மேலே ஒயரில் தொங்கிய பல்பில் நெற்றியை இடித்துக்கொண்டாள். பல்பு ஆடியது. எங்கள் நிழல்களெல்லாம் சுவரில் இங்கேயும் அங்கேயும் ஓடின. பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அவளும் நிமிர்ந்துவிட்டாள். அக்காவும் நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தாள். அவளுக்குத் தெரியாமல் நான் போனை எடுத்து இரண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்தேன். அந்த அம்மா தலையில் கை வைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பெண் பிடித்த பிடிவாதத்தில் முழு உயரத்துக்கே அளவெடுத்தாயிற்று.

நிச்சயம் நடக்கவில்லை. வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அப்புறம் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்களாம். தரகர்தான் பிறகு போன் செய்து வேண்டாம் என்றிருக்கிறார். அந்த அம்மா அக்காவைக் கூப்பிட்டு, எம்மவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே என்று அழுதார். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா ஆடிப்போய்விட்டாள். புதுப் படம் எதுவும் போடவில்லை, வருகிற போனை எடுக்கவில்லை. பார்சலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போவாள். முன்பைவிட அதிகமாகக் குனிந்திருந்தாள். இருக்கிற ஆர்டரை முடித்துவிட்டுக் கடையை மூடிவிடப் போகிறேன் என்றாள். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த கையால் இனிமேல் துணி வெட்ட வரவில்லையாம். நான் திட்டினேன், கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் தனியாக வந்து இறங்கினாள். அக்கா கடைசிப் பார்சல்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டு அவள் கணவர் காத்திருந்தார். பெண்ணைப் பார்த்ததும் அக்கா எழுந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் கையைப் பிசைந்தாள். பெண்ணோ பையை மேஜையில் வைத்து, டியூட்டிக்குப் போட்டுக்கொள்ள இன்னும் நாலு டாப்ஸ் வேண்டும் என்றாள். பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"என்னாலதானே உனக்கு..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு ஒரு நாள்னா குனிஞ்சு நின்னுருப்பேங்க்கா. அதுக்கப்புறம் தெனமும்ல நிக்கணும்?" என்றாள் பெண். வெகு சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு எடுத்த போட்டோவை அக்கா தன் ஆன்லைன் பக்கத்தில் இன்னும் ஏன் போடவில்லை என்றும் கேட்டாள். எந்தப் போட்டோ என்றாள் அக்கா. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே அனுப்பியிருந்தேன். அக்காவுக்குக் காட்டத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது போனை எடுத்து நீட்டினேன். நெற்றியில் பல்பு இடித்ததற்கு அடுத்த நொடி. இரண்டு பேரும் முழு உயரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். எப்போது உள்ளே வந்தாரோ, அவள் கணவரும் தோளுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தார். அந்த மனிதர் என் கடையில் பேசி நான் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"ரிசப்ஷன் அன்னைக்கு உனக்கு முட்டி ரொம்ப வலிச்சிருக்கும்ல?"

அக்கா திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான நின்னேன். தெரியாம?" என்றார். கொஞ்சம் தயங்கினார். "நான் மட்டும் சும்மாவா நின்னேன்? அந்தப் பலகை மேலயும் குதிகாலத் தூக்கிக்கிட்டுத்தான் நின்னேன். ரெண்டு நாளு செருப்புப் போட முடியல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க சொன்ன?"

அக்கா சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் பார்சல் டேப்பை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கிற துணியாலேயே துடைத்துக்கொண்டேன், முகமெல்லாம் மை.

அன்றைக்கே அந்தப் படம் அவள் பக்கத்தில் ஏறியது. கீழே என்ன எழுதுவது என்று கேட்டாள். ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன். படத்தைப் பார்த்து எத்தனையோ பெண்கள் தாங்கள் நிமிர்ந்து நிற்கிற போட்டோவை அனுப்பினார்கள். பஸ் கம்பியோடு ஒருத்தி, நிலைப்படியோடு ஒருத்தி, கணவனின் தலைக்கு மேல் தன் மோவாயை வைத்துக்கொண்டு ஒருத்தி. அதற்கு மேல் அந்தக் கடைக்கு விளம்பரம் எதற்கு? பெரம்பலூர் நர்ஸுக்கும் பிறகு கல்யாணம் ஆனது. அந்த அம்மாவே கல்யாணப் பாவாடை தைக்க ஆர்டர் கொடுத்தார், நேராக நிற்கிற அளவுக்கு.

கணவருக்கு வேலை மாறி அவர்கள் திருச்சிக்குப் போய் நாளாயிற்று. அங்கே பெரிய இடம் எடுத்து, ஆள் வைத்துத் தைக்கிறாளாம். போன் வரும், வராமலும் இருக்கும். அவளுக்கென்ன, ஊரெல்லாம் அக்காமார்கள்.

போவதற்கு முன்னால் சொல்லிக்கொண்டு போக வந்தாள். குனியாமல் உள்ளே வந்தாள். மேஜைக்கு மேலே பார்த்துவிட்டு, "பல்பு எங்கக்கா?" என்று கேட்டாள். அவள் இடித்துக்கொண்ட மறுநாளே ஒயரைச் சுருட்டி மேலே ஏற்றிக் கட்டிவிட்டிருந்தேன். இத்தனை நாளும் பழக்கத்தில் குனிந்தே வந்து போனதில் அவளுக்கு அது தெரியவில்லை.

இப்போதும் அது மேலேதான் இருக்கிறது. பியூஸ் போனால் மாற்றுவதற்கு நான் ஸ்டூல் போட்டு, ஸ்டூல் மேல் பேப்பர் கட்டை வைத்து, அதற்கும் மேல் நுனிக்காலில் எக்க வேண்டியிருக்கிறது. ஒயரைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொள்ளக் கூடாதா என்று டீக்கடைக்காரர் கேட்கிறார். கட்டலாம்தான். அக்கா எப்போதாவது வந்தால் இடிக்குமே.